பெட்டி விடாது

“பெட்டி விடாதும்மா. நானே விட்டாலும் அது விடாது.”

எம்பிராய்டரி கடை முதலாளி இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் திருப்திகூடத் தெரிந்தது. எதிரே நின்றது வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘சின்னவள்’. பதினோரு வருஷமாக அவர் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். கொடி, பூ, பறவை, பள்ளிக்கூடச் சட்டைப் பையில் தைக்கும் முத்திரை என்று நானூறுக்கு மேல். எல்லாமே அவள் கைவேலை. அடுத்த மாதம் இரண்டு தெரு தள்ளித் தனியாகக் கடை போடப் போகிறாள். கடையின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும், தான் போட்ட டிசைன்களுக்கு ஒரு காப்பி வேண்டும் என்று கேட்டாள், அவ்வளவுதான்.

“நான் போட்டதுதானே மாமா? நீங்களும் வச்சுக்கோங்க, நானும் ஒண்ணு வச்சுக்கறேன்.”

“நீ போட்டதுதான், யாரு இல்லேன்னா? ஆனா இதுக்குள்ள ஒரு சிப்பு இருக்கு. உள்ள போனதை வெளிய விடாது. பென்டிரைவைச் சொருகிப் பாரேன், வேண்டாம்னு துப்பிடும்.”

“நம்ம பொருளை நாம எங்க வச்சுக்கணும்னு அதுவா முடிவு பண்ணும்?”

“அதுக்குத்தானே இதை வாங்கினேன்!”

அது உண்மைதான். முன்பு வேலை பார்த்த ஒருவன் அத்தனை டிசைனையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் எதிர்க்கடையில் உட்கார்ந்துவிட்டான். சூடு கண்ட பூனையான முதலாளி மூன்று வருஷத்துக்கு முன் டிசைன்களை உள்ளே பூட்டி வைத்து, பதிந்த விரலுக்கு மட்டும் திறக்கும் இந்தப் பெட்டியைத் தேடிப் பிடித்து வாங்கினார். அவர் மனைவி அன்றிலிருந்து அவரை ‘முன்ஜாக்கிரதை முத்தண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

சின்னவள் இதைக் கேட்பது இது மூன்றாவது தடவை. கோபப்படவில்லை. “சரி மாமா” என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்ப் பாதியில் நின்ற ரோஜா இதழைத் தொடர்ந்தாள்.

அந்த ‘சரி’தான் அவரைக் குடைந்தது. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வாடிக்கையாளர்கள் வாசலிலேயே “சின்னவங்க இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுகிறார்கள். கையில் டிசைன் இல்லாமல் போனால் அவள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரு வருஷமாவது ஆகும். அதற்குள் வாடிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். இது அநியாயம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மத்தியானம் அவள் சாப்பிடப் போனதும் பெட்டி விற்ற கம்பெனியின் மெக்கானிக்கை வரவழைத்தார்.

“ரெண்டு வேலை தம்பி. எல்லா டிசைனுக்கும் எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு, வீட்ல பத்திரமா வைக்கணும். அப்புறம் சின்னவ விரலை இதிலேர்ந்து தூக்கிடு. நாளைக்கு அவ விரல் வச்சா இது திறக்கவே கூடாது.”

“ஓனர் விரல் வச்சா ரெண்டும் ஒரு நிமிஷ வேலை சார். வைங்க.”

முதலாளி கட்டைவிரலை வைத்தார். தினமும் போலத் திரை திறந்தது. மெக்கானிக் ‘காப்பி’ என்ற இடத்தைத் தட்டினான். சிவப்பாக ஒரு வரி வந்தது: அனுமதி இல்லை.

விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அதே வரி. அடுத்த விரல், அதற்கடுத்த விரல். மெக்கானிக் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல நீங்க வேலையாள்னு இருக்கு.”

“என்னது!”

“கடை யாரோடதுன்னு இதுக்கு எப்படித் தெரியும் சார்? பெட்டியைப் பிரிச்சதும் மொதல்ல எந்த விரல் படுதோ, அதான் ஓனர். காப்பி எடுக்க, ஆளைச் சேர்க்க, நீக்க எல்லாத்துக்கும் அந்த விரல்தான் வேணும். எங்க கம்பெனியே நெனச்சாலும் மாத்த முடியாது. அன்னைக்கு யாரு இதை ஆன் பண்ணினது?”

முதலாளிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் திரை கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ‘இந்த எழவையெல்லாம் நீயே அமுக்கிவிடு, எனக்கு வேற வேலை இல்லையா’ என்று போனும் கையுமாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். மறுநாள் அவள் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னாள். வைத்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னவள் உள்ளே வந்தாள். மெக்கானிக்கைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

முதலாளி திரையைக் காட்டினார். “சின்னவளே... இந்தப் பெட்டி உன்னைத்தான் ஓனர்னு...”

“தெரியும் மாமா.”

“எப்பலேர்ந்து?”

“வாங்கின அன்னையிலேர்ந்து.”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட மூணு தடவை வந்து நின்னே? நீயே எடுத்துட்டுப் போயிருக்கலாமே!”

“அக்கா வீட்டுக்காரர் கடையிலேர்ந்து, அவர்கிட்ட சொல்லாம எடுத்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?” என்ற சின்னவள் பெட்டியில் விரலை வைத்துவிட்டுத் திரும்பினாள். “உங்களுக்கு ஒரு காப்பி போதுமா மாமா?”