பாரிஸிலிருந்து வந்த கனெலே

பூர்ஸ் சதுக்கத்துக் கட்டடச் சுவரில் மூன்றாம் வளைவுக்கு மேலிருக்கும் தாடிக்காரக் கல்முகம் எங்கள் வீட்டுடையது. போர்தோவில் பிறந்தவர்கள் ஆளுக்கொரு கல்முகத்தைத் தமதென்று சொல்லிக்கொள்வார்கள். இது என் கணவர் எவாரிஸ்ட் பிடித்துவைத்தது. அவர் இறந்தபின் வந்த வசந்தத்தில், பாரிஸில் குடியேறிவிட்ட அவருடைய தங்கை குளோத்தில்துடன் அங்கே போனேன்.

ஆற்றோரக் கல்தரையில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள்; சற்று நேரத்துக்கொரு முறை வடியவிட்டு மறுபடி நிரப்புவார்கள். சதுக்கம் முழுவதும் அதில் தலைகீழாகத் தெரிந்தது.

குளோத்தில்து ஒரு பெட்டியைத் திறந்தாள். "அண்ணி, பாரிஸ் கனெலே கேக். ஒரு வாய் போட்டா உங்க ஊர் கேக்கையே மறந்துடுவீங்க."

"கனெலேங்கறதே நம்ம போர்தோ கேக்கு. பாரிஸ்ல செஞ்சதுன்னு தெரிஞ்சா, உங்கண்ணன் இருந்திருந்தா பெட்டியோட ஆத்துல வீசியிருப்பார்டி."

கேக்கைத் தொடாமல் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றித் தண்ணீரில் நடந்தோம். குளோத்தில்து என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அங்க பாருங்க."

தண்ணீருக்குள் தாடிக்காரர் எதையோ மென்றுகொண்டிருந்தார். சுவரிலிருந்த முகம் எப்போதும்போல வாயை மூடியிருந்தது. பயத்தை ஒரு பாரிஸ்காரி முன்னால் காட்டிக்கொள்ள முடியுமா?

"எங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்," என்றேன்.

தண்ணீரிலிருந்த முகம் கோணியது. பிறகு வழக்கம்போலத் தண்ணீர் கல்லிடுக்குகளில் வடிந்து போனது. முகம் தெரிந்த இடத்தில், மென்று துப்பிய கனெலே கிடந்தது. திரும்பிப் பார்த்தோம். பெட்டியில் ஒன்று பாதி கடிபட்டிருந்தது.

"நிக்காதடி," என்றேன். "எதிர்க்கடையில நம்மூர் கனெலே வாங்கிட்டு வா. மறுபடி தண்ணி விடப்போறாங்க."