ரெண்டு இஞ்ச் இறக்கம்

“வேணாம்னா வேணாம்! தம்பி, இந்த வண்டியில நீங்க கை வெக்கவே கூடாது!”

பட்டறை வாசலிலேயே மல்லுக்கு நின்றாள் அந்த அம்மாள். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கணவரோடு காரில் ஏறி வந்திருக்கிறாள் போலும், கழுத்தில் அளவெடுக்கும் டேப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் மெக்கானிக் விழித்தான்.

“நீ சும்மா இரு. வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்?” என்றார் கணவர்.

அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நாலு வருடம் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் கையுமாக ஊர்ந்தவர், ஓய்வு பெற்ற மறுவாரமே இந்தப் பழைய காரை வாங்கினார். அன்றிலிருந்து தெருவில் அவருக்கு ராக்கெட் என்று பெயர். அதில் தெருவைக் குறை சொல்ல முடியாது.

ராக்கெட் சட்டைப் பையிலிருந்து ஒரு வண்ணப் படத்தை எடுத்துப் பானெட் மேல் விரித்தார். ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டியது. ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. படத்தில் இதே மாடல் கார், வயிறு தரையில் படுகிறாற்போல் பதுங்கி நின்றது.

“நேத்து காலையில பேப்பரைப் பிரிக்கிறேன், பொத்துனு மடியில விழுது. எந்தப் புண்ணியவான் வெச்சானோ! பாத்த அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன். இதே மாதிரி இறக்கிக் குடுங்க.”

“ஏற்கெனவே பறக்குறாரு தம்பி!” அம்மாள் விடவில்லை. “போன மாசம் பாலத்துக்கிட்ட திருப்பின திருப்புல என் தலை கதவுல மோதி வீங்கிப்போச்சு. பின்சக்கரம் தள்ளுற வண்டி, வளைவுல வாலை ஆட்டுது. இதுல இறக்கி வேற குடுத்தா, ரோட்டை ஒட்டிக்கிட்டு இன்னும் பறப்பாரு. அடுத்த வாரத்துலேர்ந்து பேத்தியை ஸ்கூல்ல விடப்போறதே இவருதான்...”

பேத்தி என்றபோது அவள் குரல் உடைந்தது. மெக்கானிக்குக்கும் அதே வயதில் ஒரு மகள் இருந்தாள்.

“அம்மா சொல்றதையும் யோசிங்க சார். முன்னாடி குட்டை ஸ்பிரிங் போடணும். பின்னாடி பட்டை ஸ்பிரிங்குக்கும் சக்கர அச்சுக்கும் நடுவுல கட்டை வெக்கணும். அடிப்பக்கம் தரைக்கு ரொம்பக் கிட்ட வந்துடும். பாத்துத்தான் ஓட்டணும்.”

“அதை நான் பாத்துக்கறேன். எவ்வளவு இறங்கும்?”

“ஒரு இஞ்ச் இறக்கலாம் சார்.”

“ஒரு இஞ்ச்சே ஜாஸ்தி!” என்றாள் அம்மாள்.

“அப்போ ரெண்டு!” என்றார் ராக்கெட்.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சட்டென்று திரும்பி நின்றாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று மெக்கானிக்குக்குச் சங்கடமாகிவிட்டது.

வேலை மூன்று நாள் பிடித்தது. கார் அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் அது பட்டறையை விட்டுப் போன நாளிலிருந்து மெக்கானிக்குக்கு நிம்மதியும் கூடவே போயிற்று. எங்கேயாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிப் பார்த்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை அந்த அம்மாள் தனியாக நடந்து வந்தாள். அவன் எதிரே ஓடினான்.

“அம்மா... சாருக்கு ஏதாவது...?”

“அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு.” கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். “எங்க வீட்டுலேர்ந்து ஸ்கூல் வரைக்கும் ஒன்பது ஸ்பீட் பிரேக்கர் தம்பி. முன்னாடி அதெல்லாம் அவரு கண்ணுலயே படாது, தாவிட்டுப் போயிடுவாரு. இப்போ முதல் நாளே அடியில ‘கிர்ர்ர்’னு ஒரு உரசல். மனுஷனுக்குப் பாதி உசிரு போயிடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தி, கோணலா ஏத்தி, பிள்ளைத்தாச்சியைக் கைபிடிச்சு இறக்குற மாதிரி இறக்குறாரு. நேத்து ஒரு சைக்கிள்காரர் மணியடிச்சுட்டு எங்களை முந்திட்டுப் போனாரு!”

“பேத்தி?”

“பின்சீட்டுல தூங்கிக்கிட்டே போகுது. எனக்கு இப்போதான் மூச்சே வருது. ஸ்கூல் வாசல்ல இருக்கிற அந்தக் குட்டி மேடு ஒண்ணைத்தான் இன்னும் மதிக்கமாட்டேங்கறாரு.”

மெக்கானிக் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“நல்லவேளைம்மா! அன்னிக்கு நீங்க அவ்வளவு வேணாம்னு சொல்லியும் சார் கேக்கல.”

“கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம். நான் வேணாம்னு சொன்ன எதை அவரு செய்யாம விட்டிருக்காரு?” என்றபடி அவள் துணிப்பையைத் திறந்தாள். பல் வைத்த தையல் கத்தரிக்கு அடியிலிருந்து ஒரு வண்ணப் படத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதே மாடல் கார், இன்னும் தாழ்வாக. ஓரமெல்லாம் அதே பல் பல்லான வெட்டு.

“நாளைக்கு இதைப் பேப்பருக்குள்ள வெக்கப்போறேன். இன்னும் அரை இஞ்ச் இறங்குமான்னு பாத்து வையுங்க. நாங்க வரும்போது நான் போடுற கூச்சலை மட்டும் காதுலயே வாங்கிக்காதீங்க!”