முள் தெரியவில்லை

கடிகாரக் கம்பெனி இன்ஜினியர் கதவைத் தட்டினார். ரயில் டிரைவரின் மனைவி திறந்தாள்.

"சார் இருக்காராம்மா? சோதனைக்குக் குடுத்த குவார்ட்ஸ் பாக்கெட் வாட்ச்சை வாங்கிட்டுப் போக வந்தேன்."

"சாவி குடுக்க வேண்டாத கடிகாரமா? அது அவர்கிட்டதான் இருக்கு தம்பி. இனிமே திருப்பி வாங்க முடியாது."

"அவ்வளவு பிடிச்சுப்போச்சா!" இன்ஜினியருக்குப் பெருமை தாங்கவில்லை. "டிரைவருங்கள்ல இவர் ஒருத்தர்தாம்மா தினமும் தவறாம போன் பண்றார். நேரம் பிசகாம ஓடுதாம். இருட்டுல முள்ளு தெரியலைங்கறதுதான் ஒரே குறையாம். அதான் ஒளிர்ற முள்ளு வச்சுப் புதுசு கொண்டு வந்திருக்கேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா எப்பப் பேசினார்?"

"இன்னைக்குக் காலையிலதான். ஏம்மா, டூட்டிக்குப் போயிட்டாரா?"

"அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாசமாகுது தம்பி. ஆசைப்பட்ட பொருளாச்சேன்னு அந்தக் கடிகாரத்தைச் சட்டைப் பையில வச்சேதான் புதைச்சோம்."

இன்ஜினியருக்குப் படியிறங்கி ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அவள் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். வாசலில் யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்:

"என்னைப் பத்தி ஏதாவது விசாரிச்சாரா?"