காதிலிருந்து பிய்த்தது

விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து எனக்குச் சொல் சட்டென்று வராது. நான் திணறினால், காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பேச்சுத்துணைக் கருவி என் குரலிலேயே மீதியைச் சொல்லிவிடும். வீட்டில் எல்லோருக்கும் அது வசதி.

மகள் நிலானிக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும் முன் மாப்பிள்ளையின் அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேண்டாம். சரிதானே சம்பந்தியம்மா?" என்றார்.

"அது..." என்று தொடங்கினேன். துணை முந்திக்கொண்டது. "அதுக்கென்ன, உங்க இஷ்டம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நிலானி மட்டும் என்னையே பார்த்தாள்.

அந்தச் சனியனைப் பிய்த்துப் பாயசத்தில் போட்டேன்.

"ஐயோ குமுதா, அது இல்லாம எப்படிப் பேசுவ?" என்று பதறினார் கணவர்.

மாப்பிள்ளை பெயர்கூட எனக்கு மறந்துபோயிருந்தது. வேலை கிடைத்த அன்று நிலானி குதித்த குதி மறக்கவில்லை. மாற்ற வேண்டிய தட்டை மடியோடு பிடித்துக்கொண்டேன்.

"நிலா... நிலானி... வே..."

"நல்ல நேரம் முடியப் போறதும்மா" என்றார் ஐயர். எனக்காகச் சொல்லி முடிக்கக் கணவர் வாயெடுத்தார். கையைக் காட்டி அடக்கினேன். காத்திருக்கட்டும், கூடம் மொத்தமும்.

"வேலைக்கு... அப்... அப்புறமும்... போவா."

நான் சொல்லி முடித்தபோது நல்ல நேரம் தாண்டியிருந்தது. தட்டு என் மடியில்தான் இருந்தது.