நான் உப்பிய ஞாயிறு

மனிதகுல வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு ஒன்று, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்கிய ஈரம் காயாத வாயிலிருந்து வெளியானது: வீட்டில் மீந்துபோன தயிரைக் கொண்டு 'நான்' என்னும் ரொட்டி தயாரிக்கப்படும்.

தயாரிக்கப்போகிறவர் வீட்டுத் தலைவர். துணை மேலாளராக இருந்து அண்மையில்தான் ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் அந்தத் 'துணை'யை யாரும் மறந்ததில்லை. வீட்டில் அதை நினைவுபடுத்த ஆளில்லை.

"நான் செய்யப்போற நான் எந்தக் கடையிலயும் கிடைக்காது" என்றார்.

மாவு இன்னும் டப்பாவை விட்டு இறங்கவில்லை. அதற்குள் நான் உப்பத் தொடங்கியிருந்தது.

அறிவிப்புக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. ரொட்டி நன்றாக வந்தால், நாளை முதல் சமையலறை அவர் பொறுப்பு. இத்தனை வருடமாக அங்கே ஒரு 'சிஸ்டம்' இல்லையாம். மனைவி ஒதுங்கிக்கொள்ள வேண்டியது.

"நல்லா வரலைன்னா?" என்று கேட்டாள் மனைவி.

"வராம எங்க போகும்?"

பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த அவருடைய தங்கை, அண்ணியின் காதைக் கடித்தாள். "அடுப்பையும் விட்டுக்கொடுத்துட்டா இந்த வீட்டுல உங்களுக்குன்னு அப்புறம் என்ன அண்ணி இருக்கு?"

மனைவி சமையலறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான மறுநாள் விடிவதற்குமுன் அவள் நுழைந்த அறை அது. அன்றிலிருந்து ஒருநாள்கூட அந்த அடுப்பு அவளுக்கு முன்னால் விழித்ததில்லை.

வேள்வி ஆரம்பமாயிற்று.

மாவை அவர் சலிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் சலித்தார்கள்.

சோடா உப்பு டப்பாவை அவள் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் திருப்பி நகர்த்தினார். "கெமிக்கல்."

புளித்த தயிரை ஊற்றினார். பிறகு, அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைத் தூக்கினார்.

"அவ்வளவு சூடா ஊத்தினா தயிர் செத்துப்போயிடுங்க."

"உனக்கு சயின்ஸ் தெரியாது. சூடு பட்டாதான் பாக்டீரியா சுறுசுறுப்பா வேலை செய்யும்."

தனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் விஷயத்திலும் அவர் இதே கொள்கையைத்தான் கடைப்பிடித்து வந்தார்.

பிசைந்தார். மாவு விரலில் ஒட்டியது, மோதிரத்தில் ஒட்டியது, மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது. மாவோடு மட்டும் ஒட்டவில்லை. இன்னும் மாவைக் கொட்டினார். கடைசியில் தேறிய உருண்டையைப் பாத்திரத்தில் போட்டபோது ணங்கென்று சத்தம் வந்தது.

ஈரத்துணியால் மூடினார். "ரெண்டு மணி நேரம் யாரும் இதைத் தொடக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அவர் குளித்து வருவதற்குள் ஊரே குளித்து, துவைத்து, காயவைத்து, மடித்தும் வைத்துவிடலாம்.

தயிர்ப் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் விட்டுவைத்திருந்தார். மிச்சத்திலும் மிச்சம் வைப்பது அவர் பழக்கம். வழித்தெடுப்பது அவள் வேலை.

"கவலையே படாதீங்க அண்ணி. அந்த மாவு இந்த ஜென்மத்துல எழுந்திருக்காது" என்று ஆறுதல் சொல்லிவிட்டுத் தங்கை தொலைக்காட்சி பார்க்கப் போனாள்.

சமையலறையில் தனியாக நின்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மாவுக்காக அவள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல்முறை.

என்ன வேண்டிக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படியொரு வழக்கம் இல்லை.

மதியம் திறப்பு விழா. சலவைச் சட்டையில் வந்து நின்று அவரே துணியை விலக்கினார்.

மாவு இரண்டு மடங்காகி, பாத்திரத்தின் விளிம்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போய், சற்று யோசித்து, மெதுவாகத் திரும்பி வந்தது.

தங்கை வாயடைத்துப்போனாள். அண்ணனுக்கு வாய் திறந்துகொண்டது.

ரொட்டியில் ஒரு பக்கம் தண்ணீர் தடவி, இரும்புக் கல்லில் ஒட்டி, கல்லைத் தலைகீழாகத் தீயில் காட்டினார். கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அங்கங்கே கருகி, பார்க்கவே பசித்தது. வாயில் போட்டால் மெத்தென்று இருந்தது. லேசான புளிப்பு. மனமாரத் திட்டலாம் என்று தயாராக வந்தவர்கள்கூட மூன்றாவதுக்குக் கை நீட்டுகிற ரகம்.

தட்டு காலியாகும்வரை பாக்டீரியாவைப் பற்றிய சொற்பொழிவு நடந்தது.

"கெமிக்கல் போட்டிருந்தா இப்படி வருமா? சொன்னா சொன்னதுதான். நாளையிலேர்ந்து நீ கிச்சன் பக்கமே தலைகாட்டக் கூடாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் இரண்டும் லேசாகக் குலுங்கின.

"அழாதீங்க அண்ணி" என்று தங்கை அவள் கையைப் பிடித்தாள். நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

மறுநாள் பொழுது விடிந்தது. சமையலறையில் ஏதோ உருண்டது, ஏதோ கவிழ்ந்தது. "இந்தத் தீப்பெட்டியை எங்கதான் வெச்சுத் தொலைச்சே?" என்று சிஸ்டம் குரல் கொடுத்தது.

அவள் போர்வையைக் காதுவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவர் பிசைந்த மாவு, நேற்று அவர் குளிக்கப் போன நேரத்திலிருந்து, கழுவுதொட்டிக்குக் கீழே எலிப் பொந்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.