பாய்க்கு முதல் வழி

"பாயை இறக்கும்வே!"

இஸ்ரவேல் தொண்டை கிழியக் கத்தினான். அவனுடைய லாஞ்சு நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் பொருமிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு தோணி. குறுக்கே. முழுப் பாயும் விரித்து.

"ஏன் இறக்கணும்?" தோணிக்காரர் பிச்சைக்கண்ணுத் தண்டல் வெற்றிலையைத் துப்பினார். "எஞ்சின் படகு நிக்கணும், பாய்ப் படகு போவணும். நானா எழுதி வச்சேன்? ஒம்ம துரை எழுதி வச்ச சட்டம்லா?"

"போவணும்னுதானே சொல்லுது? நீரு அசையவே இல்லியே!"

"காத்து வந்தா போவேன்."

"காத்து எப்ப வரும்?"

"அத நீருதான் ஜெபம் பண்ணிக் கேக்கணும்."

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மோட்டார் லாஞ்சு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதை ஓட்டும் சாரங்கு வேலை, பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் படித்த இஸ்ரவேலுக்குக் கிடைத்தது. சட்டப் புத்தகத்தைத் துரை முன்னால் மனப்பாடமாக ஒப்பித்து வாங்கிய வேலை. அந்தச் சட்டத்தை வைத்தே ஒருவர் தினமும் அவன் தலையில் மிளகாய் அரைத்தார்.

கடல் வற்றுகிற நேரம் பார்த்து, தோணிகள் கரி இறக்கும் கல்பாலத்துக்கு முன்னால் அவர் தோணி வந்து நிற்கும். லாஞ்சைக் கண்டதும் பாய் ஏறும். தண்டல் தோணிப் பலகையில் டம், டம், டம் என்று மூன்று தட்டுத் தட்டுவார். அது எதற்கென்று யாரும் கேட்டதில்லை. கொழுப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். பத்து நிமிஷம் போகும். பாய்க்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அப்புறம் துடுப்புப் போட்டு விலகுவார். காற்றாவது, மண்ணாவது!

மற்ற நாளென்றால் தொலையட்டும். இன்று லாஞ்சில் உட்கார்ந்திருந்தது மணப்பெண் சாலோமி. பக்கத்தில் அவள் அப்பா அப்பாத்துரை. மாப்பிள்ளை இஸ்ரவேலேதான். கொழும்புக் கப்பல் இரண்டு நாள் பிந்தி வந்து தொலைத்தது. லாஞ்சு ஓட்ட வேறு ஆள் கிடையாது. மாப்பிள்ளையே போய்ப் பெண்ணை இறக்கிக் கூட்டிக்கொண்டு வருகிறான்.

மணி ஐந்தேகால். ஆறு மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். நாளைக்கு லெந்து நோன்பு தொடங்குகிறது. இன்று தவறினால் ஈஸ்டர் கழித்துத்தான் கல்யாணம். பாதிரி ஐயர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ள," அப்பாத்துரை எழுந்து நின்றார். "தோணிக்கும் பாலத்துக்கும் நடுவுல இடுக்கு கெடக்கே. ஒரே முறுக்கா முறுக்கி உள்ள விட்ருங்க."

"விடும்வே!" என்றார் வைத்தியலிங்கம். துறைமுகச் சேவகர். டவாலியும் பிரம்புமாகத் தினமும் லாஞ்சில் சுற்றுவார். கடலில் விழுந்த குண்டூசிகூடத் துரைமார் சொத்து என்பது அவர் வேதம். "காத்தில்லாத பாயி பாயே இல்ல. துரை கேட்டா நான் சாட்சி சொல்லுதேன்."

இஸ்ரவேல் கை எஞ்சின் பிடிக்குப் போனது.

தண்டல் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "சாரங்கே! வேண்டாம்வே. கும்பிட்டுக் கேக்கேன்."

"என்ன வேண்டாம்? காரணத்தச் சொல்லும்!"

தண்டல் வாயைத் திறந்தார். வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"பாயி ஏறியிருக்கு. சட்டம். அம்புட்டுத்தான்."

"பாத்தீங்களா திமிர!" என்றார் வைத்தியலிங்கம்.

இஸ்ரவேல் சாலோமியைப் பார்த்தான். நாற்பது நாள். அதற்குள் மாமனார் மனசு மாறினாலும் மாறும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்னை ஏன் பாக்கீங்க?" என்றாள் சாலோமி. "பாயி ஏறியிருந்தா நிக்கணும்னுதானே படிச்சிருக்கீங்க? அப்போ நில்லுங்க. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்."

இஸ்ரவேல் பல்லைக் கடித்தான். பிடியிலிருந்து கையை எடுத்தான்.

ஒருவழியாகத் தோணி விலகியது. அதற்கப்புறம் நடந்தது ஓட்டம். மாப்பிள்ளை ஓட, பெண் ஓட, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாமனார் ஓட, தூத்துக்குடித் தெருவே வேடிக்கை பார்த்தது. ஐயர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபம் சொன்னார். ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது. பாட்டு கூரையைப் பிய்த்தது.

வெளியே வந்தால் வாசலில் பிச்சைக்கண்ணுத் தண்டல். சலவை வேட்டி.

"ஒமக்கு யாருவே சொல்லிவிட்டது?" என்றான் இஸ்ரவேல்.

"டவாலிச் சேவகரு இங்கன இருக்காரா?"

"பந்திக்குப் போயாச்சு."

"நல்லதாப் போச்சு." தண்டல் கோயில் கதவில் தட்டினார். டம், டம், டம்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். நனைந்த சேலை. கையெல்லாம் கறுப்பு. வாயெல்லாம் சிரிப்பு. முன்னால் வந்த மைதீன் பாத்திமா ஒரு மூட்டையைச் சாலோமி காலடியில் வைத்தாள்.

"வெறுங்கையோட வரலாமா, தாயி? எங்களால ஆனது. ஒரு மாசத்துக்கு அடுப்பு எரியும்."

அப்பாத்துரை மூட்டையைப் பிரித்துப் பார்த்து அலறினார். "கல்யாணத்துக்குக் கரியா!"

"தோணியில இருந்து தண்ணியில விழுந்த கரி, அண்ணாச்சி. பொறுக்கினா டவாலி பிரம்ப எடுத்திருவாரு. அவரு முன்னால நான் எப்படிச் சொல்ல?" என்றார் தண்டல். இஸ்ரவேல் தோளைத் தட்டினார். "நீரு உள்ள விடப் பாத்தீரே ஒரு இடுக்கு... அதுல கழுத்தளவு தண்ணியில நின்னது இவளுவதான், மாப்பிள்ள."