ஆமை நானூறு

காங்கேயம் எடைமேடையில் சகாயத்தின் காலி லாரி எப்போதும் ஒன்பதாயிரம் கிலோ காட்டும். திங்கட்கிழமை ஒன்பதாயிரத்து நானூறு காட்டியது.

"ஏனுங்ணா, வண்டியில புதுசா ஏதாச்சு மாட்டுனீங்களா?" என்றாள் எடை போடும் கீதா.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. பின்கதவுல பாப்பா ஒரு படம் வரஞ்சுது, அவ்வளவுதான்."

மகள் ரெபேக்கா வரைந்தது தோல்முதுகு ஆமை, கடலாமைகளிலேயே பெரியது. முதுகில் நீளவாக்கில் ஏழு வரிகள். மேடையைச் சோதித்தார்கள், மற்ற லாரிகளுக்குச் சரியாகவே காட்டியது. வண்டியில் கல்லை ஒளித்திருக்கிறார் என்று எண்ணெய் மில்லில் லோடு தர மறுத்தார்கள். கீதா சிரித்துக்கொண்டே எடைச்சீட்டில் 'ஆமை 400' என்று தனியாக எழுதிக் கொடுத்தாள். மில் முதலாளியும் சிரித்துவிட்டு லோடு ஏற்றச் சொன்னார்.

நாகப்பட்டினத்தில் எண்ணெயை இறக்கிய சகாயம், கடற்கரையோரம் லாரியை நிறுத்தி ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அண்ணா, இன்னிக்கி ஆமை முந்நூத்தித் தொண்ணூறுதானுங்க. பத்துக் கிலோ கொறையுது" என்றாள் கீதா.

மேடைக்குக் கூட வந்திருந்த ரெபேக்கா பின்கதவைப் போய்ப் பார்த்தாள். ஆமையின் துடுப்புகளில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

"அப்பா, அறுவது நாள் கழிச்சு அங்கயே ஒரு லோடு புடிங்க" என்றாள். "குஞ்சு பொரிச்சிருக்கும். கதவுல எடம் நெறையக் கெடக்குது."